சிப் பிரேக்கர் 3 மில்லிமீட்டர் குட்டை: ஐந்தாம் எண் இழைப்புளி சீரமைத்த அனுபவம்

நேற்று மாலை, என் ஐந்தாம் எண் ஸ்டான்லி இழைப்புளி முதன்முறையாகப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாத ஒரே சுருளை எடுத்துத் தந்தது. அதை வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. துரு நீக்குவதற்கும் துடைத்து எண்ணெய் இடுவதற்கும் ஒரு வார இறுதி போதுமானதாக இருந்தது. மீதி நாட்கள் அனைத்தையும் விழுங்கியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு தகடு: அலகின் மீது முடுக்கப்படும் சிப் பிரேக்கர்.

முன்குமிழும் அதன் தண்டும் இல்லை, சிப் பிரேக்கரும் இல்லை என்பதை விற்றவர் மறைக்கவில்லை. அலகைச் சாய்வாகத் தாங்கும் வார்ப்பான ஃப்ராக்குக்குப் பின்னால் 1902-இன் இரண்டு காப்புரிமைத் தேதிகளும் 1910-இன் ஒரு தேதியும் தெளிவாகத் தெரிந்ததால், உடல் 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட வார்ப்பு என்று கணித்தேன். ஆனால் அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியான லீவர் கேப்பின் துளை பழைய சாவித்துவார வடிவில் இல்லாமல் சிறுநீரக வடிவில் இருந்தது. அந்த வடிவம் வந்தது 1933-இல். ஆகவே எனக்கு முன்பே யாரோ ஒருவர் இதற்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்திருக்கிறார். சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். மரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. வாயில், அதாவது அலகு எட்டிப் பார்க்கும் அடிப்பிளவில், விரிசல் இல்லை, பக்கச் சுவர்களில் பற்றவைத்த தழும்பு இல்லை, ஃப்ராக் தன் இருக்கையில் ஆடாமல் அமர்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் வாங்கினேன். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் மற்ற உறுப்புகள் முழுமையாக இருப்பதால் பயனில்லை என்பது என் கருத்து.

சிப் பிரேக்கரைப் பழைய இழைப்புளிகளைக் கழற்றி உறுப்புகளாக விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். அதே நிறுவனத்தின் உறுப்பு, அதே 2 அங்குல அகலம், மேற்பரப்பும் சுத்தம். அலகைத் தீட்டி, சிப் பிரேக்கரை அதன் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டர் பின்தள்ளி முடுக்கி, உடலில் பொருத்தி, ஆழம் சரிசெய்யும் பித்தளைச் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். மரை இடப்புரி என்பதால் வலஞ்சுழியாகத் திருப்பும்போது சக்கரம் நம்மை நோக்கிப் பின்வாங்கும், சக்கரத்தின் அசைவை அலகுக்குக் கடத்தும் நெம்புகோலான கவட்டையின் முனை அலகைக் கீழே தள்ளும் என்பது தெரிந்ததே. எனக்கோ, அலகு வாயை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே சக்கரம் தண்டின் கடைசி மரையையும் கடந்து கழன்று கையோடு வந்துவிட்டது.

முதலில் ஃப்ராக்கின் மீது சந்தேகப்பட்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். அடுத்துக் கவட்டையின் முனை தேய்ந்திருக்குமோ என்று அதன் ஊசியைத் தட்டி எடுத்து, ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். தேய்மானம் இருந்தது உண்மை, ஆனால் நகத்தால் தடவினால் மட்டுமே உணரக்கூடிய அளவு. கடைசியில்தான், நான்காம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் அலகு ஒரே அகலம் என்பது நினைவுக்கு வந்தது. அன்றாடம் பயன்படுத்தும் நான்காம் எண்ணின் சிப் பிரேக்கரைக் கழற்றி இதில் பொருத்தியதும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு தகடுகளையும் முதுகோடு முதுகாக வைத்து, கவட்டை நுழையும் செவ்வகத் துளைகளை ஒன்றன்மீது ஒன்று பொருத்திப் பார்த்தபோது, புதிதாக வாங்கியதன் முன்விளிம்பு 3 மில்லிமீட்டர் குட்டையாக நின்றது. முந்தைய உரிமையாளர் யாரோ அதன் விளிம்பைச் சாணைச் சக்கரத்தில் மீண்டும் மீண்டும் தேய்த்துச் சாப்பிட்டிருக்கிறார். சிப் பிரேக்கரில் நீளம் என்றால் தலை முதல் வால் வரை அல்ல, துளையிலிருந்து முன்விளிம்பு வரை உள்ள தூரம்தான். நான் அதை அளக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை.

சிப் பிரேக்கரை அலகின் நுனியிலிருந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் பின்தள்ளி வைத்தால் சக்கரம் வேலை செய்யும் என்பது எளிய வழி. செய்தும் பார்த்தேன். நேர்வரி மரத்தில் குறையில்லை. வரி எதிர்த்து வரும் இடத்தில் மட்டும் பலகை பிய்ந்து பிய்ந்து வந்தது. சீவலை நுனிக்கு அருகிலேயே மடித்து ஒடிப்பதற்காகத்தான் சிப் பிரேக்கர் இருக்கிறது. அதை எட்ட நிறுத்தினால் அது வெறும் எடை.

ஆகவே துளையையே பின்னோக்கி நகர்த்த முடிவு செய்தேன். சிப் பிரேக்கர், அலகைப் போலக் கடினப்படுத்தப்பட்ட எஃகு அல்ல; அரம் அதில் எளிதாகக் கடிக்கும். ஊசி அரத்தால் துளையின் பின்சுவரை 3 மில்லிமீட்டர் அராவி நீட்டினேன். முன்பக்கத்தில் மிஞ்சிய இடைவெளியை அடைக்க மென் எஃகுத் துண்டு ஒன்றை வெட்டி, எபாக்சி இட்டு ஒட்டினேன். அது மூன்றே நாட்களில் உதிர்ந்தது. யோசித்தால் உதிராமல் இருந்திருந்தால்தான் வியப்பு: அலகை இறக்கும் ஒவ்வொரு முறையும் கவட்டை தன் முழுப் பலத்துடன் தள்ளுவது அந்தத் துண்டைத்தான். இரண்டாம் முறை வெள்ளிப் பற்றாசு வைத்து, தகடு சிவக்கும்வரை சூடாக்கிப் பற்றவைத்தேன். அலகாக இருந்தால் இந்தச் சூட்டில் பதம் போய்விடும். சிப் பிரேக்கரில் போவதற்குப் பதம் எதுவும் இல்லை. பற்றாசு வழிந்த இடத்தை அராவிச் சமன்படுத்திய பிறகு, இணைப்பு எங்கே என்று தேடினால்தான் தெரிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

சூட்டில் முன்விளிம்பு லேசாக நெளிந்திருந்தது. அலகோடு சேர்த்து விளக்கின் எதிரே பிடித்தபோது, வலது மூலையில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த மயிரிழைக்குள் முதல் சீவல் நுழையும், அதன் பின்னால் அடுத்தது சிக்கும், பத்து வீச்சுகளில் வாய் அடைத்துக்கொள்ளும். விளிம்பைச் சாணைக்கல்லின் மீது வைத்து, வாலைக் கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்திப் பிடித்துத் தேய்ப்பதே சரியான முறை. அப்போதுதான் அடிப்பக்கம் உட்குழிந்து, நுனிக்கோடு மட்டும் அலகைத் தொடும். வாலை வெறும் கையால் தாழ்த்திப் பிடித்தபோது கோணம் ஒவ்வொரு முறையும் மாறியது. கல்லின் பக்கத்தில் அதைவிடச் சற்றுத் தாழ்வான மரச்சட்டம் ஒன்றை அறைந்து, வாலை அதன் மீது வழுக்கவிட்ட பிறகு, நாற்பது தேய்ப்புகளில் வெளிச்சம் மறைந்தது.

முன்குமிழ் இன்னும் முடியவில்லை. இந்தக் காலத்து உடலுக்குக் குட்டைக் குமிழ்தான் பொருந்தும். உயரமான குமிழ் 1919 வாக்கில்தான் வந்தது. குமிழைக் கடைந்துவிட்டேன். தண்டுதான் தலைவலி. இதன் மரை 12 எண், அங்குலத்துக்கு 20 புரி. விட்டம் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் தண்டு ஒரு சுற்றில் இறுகிவிடும், ஆறு நுழையவே நுழையாது. கால் அங்குலத் தண்டுக்கும் அதே 20 புரி என்பதால், உடலின் துளையைக் துளைக்குள் மரை வெட்டும் கால் அங்குல டேப்பால் பெரிதாக்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நூறாண்டு தாண்டிய வார்ப்பிரும்பில் திரும்பப் பெற முடியாத ஒரு வெட்டை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. உறுப்பு விற்பவரிடமே ஒரு தண்டு கிடைத்தது, ஆனால் அது உயரக் குமிழுக்கானது. அதைக் குறைத்து மரை வெட்டும் டை கைக்கு வரும்வரை, பித்தளை நட்டின் கீழே நான்கு வாஷர்களை அடுக்கி வைத்திருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

இதற்கிடையே, ஃப்ராக் இல்லாத 22 அங்குல ஏழாம் எண் உடல் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. நான்கரை, ஆறு, ஏழு ஆகிய மூன்றுக்கும் அலகு 2⅜ அங்குலம் என்பதால் ஃப்ராக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 1902-இல் ஃப்ராக் அமரும் இருக்கையே மாறிவிட்டது, அதற்கு முந்தைய உடலில் பிந்தைய ஃப்ராக் ஒழுங்காக அமராது. ஆகவே இருக்கையின் படத்தை அனுப்பும்படி கேட்டிருக்கிறேன், இந்த முறை பக்கத்தில் அளவுகோலை வைத்து. பதில் வருவதற்குள் ஐந்தாம் எண்ணின் அடிப்பாகத்தைக் கண்ணாடிமீது ஒட்டிய உப்புத்தாளில் சமன் செய்துவிட வேண்டும். ஃப்ராக்கையும் அலகையும் கழற்றாமல், அலகை மட்டும் உள்ளே இழுத்து, லீவர் கேப்பை வேலை செய்யும் இறுக்கத்திலேயே வைத்து.