கூலரை லாரியில் ஏற்றும் முன்

வேலூரிலோ திருச்சியிலோ ஜில்லென்று ஓடிய ஏர் கூலர், சென்னைக்குக் குடிவந்த முதல் வாரமே "கெட்டுப்போச்சு" என்று மெக்கானிக்கிடம் போகும். அவரும் தண்ணீரில் நனையும் 'பேட்' பட்டையை மாற்றிக் காசு வாங்கிக்கொள்வார். கோளாறு கூலரில் இல்லை, காற்றில்.

கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்? 38 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள மதியத்தில் நல்ல கூலர் 10 டிகிரி வரை குறைத்துவிடும். 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் மூன்று நான்கு டிகிரி குறைந்தாலே அதிகம், கூடவே பிசுபிசுப்பு வேறு. அதனால் வீடு மாறும்போது டிகிரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வானிலைச் செய்தியில் அதன் பக்கத்திலேயே இருக்கும் ஈரப்பதத்தையும் பாருங்கள்.

உலர்ந்த ஊரிலும் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஏசி போட்டதுபோல் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கூலரை ஓட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் ஈரம் ஏறி, அந்த அறையே சென்னையாகிவிடும். கூலரின் முதுகு ஜன்னலை ஒட்டி வெளிக்காற்றை இழுக்க வேண்டும். எதிர்ப்பக்க ஜன்னல் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும்.

சென்னையின் மே மாதத்தைத் தீர்மானிப்பது கடல்காற்று. அது நண்பகலுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டால் வெயில் 37 டிகிரியோடு அடங்கும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக வீசி அதை மூன்று மணி வரை தடுத்து நிறுத்தினால் 41, 42 சாதாரணம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த மேல்காற்று உலர்ந்தது என்பதால், அப்படிப்பட்ட நாட்களில் மட்டும் சென்னையிலும் கூலர் கொஞ்சம் வேலை செய்யும்! கடல்காற்றில் உப்பும் உண்டு. கடற்கரையோரம் குடியிருந்தால் ஏசியின் வெளி யூனிட்டை மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் பம்பால் அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று அடைத்துக்கொள்ளும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியும் பலனில்லை.

கோயம்புத்தூரில் ஜூன் வந்தாலே கூலரை மூடி வைத்துவிடலாம். வால்பாறையில் மழை கொட்டும்போது இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும்தான் வரும், பெருமழை ஐப்பசியில். சென்னையிலிருந்து போகிறவர்கள் மறப்பது மொட்டைமாடியை. தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பியால் கட்டுங்கள், ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப் போடுங்கள்.

ஊட்டி வேறு கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர்தான் வழி, அதிலும் ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விட வேண்டும்.

இட்லி மாவுதான் பெரிய தலைவலி. சென்னைக் கத்திரி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழியும் அதே மாவு, உறைபனி விழும் ஊட்டி மார்கழியில் மறுநாள் மதியமும் அசையாமல் கிடக்கும். உளுந்து கெட்டது என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுகின்றன, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாதிப் பாத்திரம் மட்டும் ஊற்றி, புளித்த பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்துக் கையால் கலக்குங்கள். அதைக் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் உள்ள அண்டாவுக்குள் இறக்கி, மேலே கம்பளி போர்த்துங்கள். நாலைந்து மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரை ஒருமுறை மாற்றினால் போதும். அவசரப்பட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினால் ஓரத்து மாவு வெந்து, பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.