ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் நடுவே

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நின்று "ஆயா" என்று கூப்பிட்டால் இரண்டு விதமான பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வடசென்னையில் பாட்டியை நாங்கள் ஆயா என்றுதான் அழைக்கிறோம். பால்வாடியில் சமைத்துப் பரிமாறி, குழந்தைகளின் மூக்கைத் துடைத்து, மதியம் பாய் விரித்துத் தூங்கவைக்கும் உதவியாளரும் ஆயாதான். இரண்டாவது ஆயா போர்த்துகீசியர் வழியாக வந்த சொல் என்பார்கள். முதலாவது, தாயைக் குறிக்கும் நம்முடைய 'ஆய்' என்ற பழைய சொல்லுக்கு உறவு. வேர் எதுவாயினும், என் மகள் பிறந்த பிறகு நான் வேலைக்குப் போய் வந்தது இந்தச் சொல்லை நம்பித்தான்.

சிறு குழந்தையை யார் வளர்க்க வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் கணவரிடம் அதைக் கேட்டதில்லை என்பதை ஓரமாகக் குறித்துவிட்டு மேலே போகிறேன். பெற்றவளே வளர்க்க வேண்டும் என்பவர்களும் சரி, காப்பகம் எதற்கு இருக்கிறது என்பவர்களும் சரி, பள்ளிக்குப் போகும் வரையிலான ஐந்தாறு ஆண்டுகளையும் ஒரே துண்டாக வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கோ சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில்தான் இருந்தது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீக்கத்தால் மூன்று வாரம் முன்னதாகவே நான் வீட்டில் உட்கார வேண்டியிருந்ததால், மகளுக்கு ஐந்து மாதம் முடிந்து சில நாட்களிலேயே விடுப்பு தீர்ந்துவிட்டது. பால்வாடியில் இரண்டு வயது நிறைந்த பிள்ளையைத்தான் உட்கார வைத்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் மாதங்களுக்கு யார் என்பதை வீட்டுக்கு வீடு அவரவர் கையில் இருக்கும் ஆளை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு மாதக் குழந்தையை யார் தூக்கினாலும் சிரிக்கும். ஏழு எட்டு மாதத்தில் அதே குழந்தை, தெரியாத முகம் அருகில் வந்தால் உதட்டைப் பிதுக்கும். இன்னார் என்னுடையவர் என்று அது ஆள் பிரித்து அறிந்து பற்றிக்கொள்ளத் தொடங்குவது சரியாக அந்த வேளையில்தான், சட்டம் தாயைத் திரும்ப வேலைக்கு அனுப்புவதும் ஏறக்குறைய அதே வேளையில்தான். பாரிமுனையில் ஒரு சரக்கு அனுமதி முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கப்பல் வரும் நாட்களில் வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் நான் கையை நீட்டியபோது மகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் மாமியாரான அத்தையின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது உண்மை. அதில் வருந்த ஏதுமில்லை என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

புரியவைத்தவற்றில் ஒன்று, தாயை வீட்டில் இருக்கச் சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடிழந்த குழந்தைகளின் நிலையைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் ஓர் அறிக்கை எழுதினார். தாயைப் பிரிந்த குழந்தைக்கு நேரும் பாதிப்பைப் பேசும் அந்த அறிக்கை உலகெங்கும் வேலைக்குப் போகும் பெண்கள் மீது வீசப்பட்டது. ஆனால் அவர் முதன்மையாகப் பார்த்தது விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நிலையாக ஒருவரும் இல்லாமல் கிடந்த குழந்தைகளை. குழந்தைக்கு வேண்டியது தாயுடனோ, தாய்க்கு ஈடாக நிலைத்து நிற்கும் ஒருவருடனோ இடையறாத நெருக்கம் என்றுதான் அவர் எழுதினார். பின்பாதியை மட்டும் விட்டுவிடுவது பலருக்கு வசதியாகப் போயிற்று.

தமிழில் படித்தவர்களுக்கு அந்தப் பின்பாதி புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாயர் உண்டு: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். மகள் தலைவனோடு போய்விட்டால் இருவருமே புலம்புகிறார்கள். பாலைவழியில் தேடிப் போகிறவள் செவிலி. தோழி அந்தச் செவிலியின் மகள். வளர்ப்பது ஒருத்தியின் தனிப்பொறுப்பு என்ற எண்ணம் அந்தக் கவிதை மரபிலேயே இல்லை. செவிலியின் முழங்கால் வலித்ததா, அவளுக்கு என்ன கூலி என்று எந்தப் புலவரும் பாடவில்லை என்பது வேறு விஷயம்.

அத்தையிடம் விடுவதற்கு முன் ஒரு தனியார் காப்பகத்தில் முயன்று பார்த்தோம். கட்டணம் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுவரில் யானை, ஒட்டகம் எல்லாம் வரைந்திருந்தார்கள். இடம் சுத்தமாகவும் இருந்தது. ஆனால் நாங்கள் விட்ட மூன்று வாரத்துக்குள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் நான்கு முறை மாறினார்கள். கொடுக்கும் சம்பளத்தில் யாரும் நிற்கமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஒருநாள் மதியம் முன்கூட்டியே போனபோது, எட்டுக் கைக்குழந்தைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் மகளின் பெயர் தெரியவில்லை, "அந்த மஞ்சள் சட்டையா?" என்று கேட்டார். மறுநாள் முதல் அனுப்பவில்லை. காப்பகம் என்றாலே தீது என்று நான் இதிலிருந்து சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு, காப்பகமா தாயா என்பதைவிட வீட்டின் நிலையும், பார்த்துக்கொள்பவரின் கவனிப்பின் தரமுமே அதிகம் கணக்கில் வருகின்றன என்றுதான் கண்டது. எங்கள் வருமானத்துக்குள் அந்தத் தரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"நீ போய்ட்டு வாம்மா, நான் இருக்கேன்ல" என்றார் அத்தை. அவருக்கு அப்போது வயது 61. உத்தரத்துக் கொக்கியில் பழைய நூல் புடவையால் தூளி கட்டி, அதன் அடியில் ஒரு துணிப்பட்டையை முடிந்து, மறுமுனையை வலக்காலின் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். சுவரில் சாய்ந்தபடி கை கீரையை ஆய்ந்துகொண்டிருக்கும், கால் தூளியை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும். என் மகளுக்கு ஆட்டம் நின்றால் உடனே விழிப்பு வந்துவிடும் என்பதால், கீரை முடிந்த பிறகும், பூண்டு உரித்த பிறகும், உரிக்க ஏதும் இல்லாதபோதும் அந்தக் கால் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பட்டையை என் காலில் கட்டிப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் தொடை இறுகிவிட்டது.

அந்தக் காலத்தில் தெருவே சேர்ந்து பிள்ளை வளர்த்தது என்று பெரியவர்கள் சொல்லும்போது நான் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை. அத்தையின் தாய் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். விடியுமுன் ஏலத்துக்குப் போய்விடுவார். வீட்டில் இருந்த கைக்குழந்தையை வளர்த்தது தெருவல்ல. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட மூத்த மகள், அதாவது அத்தை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்ததாக ஒருமுறை சொன்னார், அதுவும் வேறு ஏதோ பேச்சின் நடுவே. பத்து வயதில் காப்பகமாக இருந்தவரை அறுபதுக்கு மேல் மறுபடியும் காப்பகமாக்கியிருக்கிறோம்.

என் கணவருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை. தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. இரவுப் பணி முடிந்த காலைகளில் அவர்தான் குழந்தையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவார். அதற்குத் தெருவில் அவருக்குக் கிடைத்த பாராட்டில் பாதியாவது அத்தைக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஒன்றரை ஆண்டில் அப்படி ஒரு குழந்தை இருப்பது அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆறாம் மாதம் முதல் அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வந்துகொண்டிருந்தது. மாவு வருகிறது, அதைக் கரைத்து ஊட்ட ஒரு கை வேண்டும் என்பதுதான் திட்டத்தில் வீட்டுக்கு விடப்பட்டிருக்கிறது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது. குழந்தைக்கு ஆறு மாதம் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் படித்தேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. எங்கள் அலுவலகத்தில் மொத்தம் 19 பேர். பாரிமுனையின் பழைய கட்டடங்களில் அப்படி மாடிக்கு ஒன்றாக எத்தனையோ அலுவலகங்கள். ஒவ்வொன்றும் கணக்குக்குச் சிறியது, தெருவாகச் சேர்த்தால் எத்தனையோ தாய்மார்கள். வீட்டு வேலைக்கும், மூர் தெருவில் சிறு கடைகளுக்கும் போகும் பெண்களுக்கு 26 வாரமும் கிடையாது. கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் சத்துப் பெட்டகமுமாக வரும் 18,000 ரூபாய் உதவி பெரியதுதான், ஆனால் அது ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடாகாது.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்காக அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற ஏற்பாடு, மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வரவில்லை. வந்தால், சுவரில் யானை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஆயா ஒன்றரை ஆண்டு நின்று வேலை செய்யும்படியான சம்பளமும், மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் கதவும் இருந்தால் என் தோழிகள் பலர் முதல் நாளே வரிசையில் நிற்பார்கள்.

மகளுக்கு இரண்டு வயது நிறைந்ததும் தெருமுனைப் பால்வாடியில் சேர்த்தோம். முதல் நாள் அத்தை வாசலிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே "ஆயா" என்று மகள் கூப்பிடும் குரல் கேட்டு அவர் எழுந்தபோது, பால்வாடி ஆயா தண்ணீர்த் தம்ளருடன் அவளிடம் போய்க்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தையை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஒன்றரை ஆண்டாகத் தள்ளிப்போட்டிருந்த முழங்கால் வலி. எந்தக் கால் அதிகம் வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டார். வலது என்றார் அத்தை.