மாமாவின் நூறு பக்க நோட்டு

மார்கழி விடியலில் என் மாமனாருக்கு வாய் ஒருபக்கம் கோணி, இடது கை துவண்டு கிடந்தது. அத்தை சுக்குக் காபியோடு ஓடிவந்தார். நல்லவேளை, புகட்டுவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நாக்கு ஒத்துழைக்காத நேரத்தில் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சோழவந்தானிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் 190/100. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்கள். எப்போது தொடங்கியது என்றே தெரியாததால் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கெடு கைவிட்டுப் போயிருந்தது. "அழுத்தத்தையாவது குறைக்கக்கூடாதா?" என்று என் கணவர் டாக்டரிடம் சண்டைக்கே போனார். அடைப்பைச் சுற்றியுள்ள மூளைப்பகுதி சொற்ப ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சட்டென்று இறக்கினால் அதுவும் போய்விடும் என்றார் அவர். ஊசி போடாதவர்களுக்கு முதல் நாளில் 220/120 வரைகூடப் பொறுப்பார்களாம். கொடிக்கால்காரக் குடும்பம் நாங்கள். மதகை இறுக்கினால் முதலில் காய்வது கடைமடைதான் என்பது தெரியாதா?

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. இனி 130/80க்குள் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையும் மாலையும் அளந்து மேல் எண்ணை நோட்டில் எழுதினேன். 118, 124, அடுத்து 172, பிறகு 126, மறுபடி 168. கருவிதான் கோளாறு என்று நினைத்தேன். ஒருநாள் தலையணைக்கடியில் எட்டு மாத்திரைகள் அகப்பட்டன.

"நூற்றிருபதுதானே தாயி காட்டுகிறது, அப்புறம் எதற்கு மாத்திரை?"

மாத்திரை போட்டதால்தான் நூற்றிருபது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. சராசரி எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை, இப்படி ஏறி இறங்குவதும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். மறுபடி பக்கவாதம், பின்னாளில் மறதி என்று இழுத்துக்கொண்டு போகலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மாத்திரை அட்டை என் கையில்.

தை மாதத்தில் வேறொரு சிக்கல். கட்டிலிலிருந்து விருட்டென்று எழுந்தவர் தலைசுற்றி நிலைப்படியில் சாய்ந்தார். டாக்டர் படுக்கவைத்து அளந்தார், 150. நிற்கவைத்து அளந்தார், 118. எழுந்ததும் 20க்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டுமாம். மாத்திரை நேரத்தை அவரே மாற்றிக் கொடுத்தார். இப்போது கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மாமா எழுகிறார்.

அளப்பதிலும் பாடம் உண்டு. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். வலுவுள்ள கையில், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். பேசக்கூடாது. மாமாவுக்கு அதுதான் தண்டனை! பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்று பொருமியபோது 148. வாயை மூடியதும் 136. கருவாடு, ஊறுகாய் வழக்கு தனி. அத்தை இன்னும் என் கட்சிக்கு வரவில்லை.

பங்குனியில் ஒரு வாரம் முழுக்க 122க்கும் 130க்கும் இடையிலேயே நின்றது. இப்போது நோட்டில் மாமாவே எழுதுகிறார், இடது கையைக் காகிதத்தின் மேல் கனமாக வைத்து அழுத்திக்கொண்டு. கால்வாயில் தண்ணீர் திறந்த தேதியும் அதே பக்கத்தில் இருக்கிறது.