தோமையார் கல்லறையில் எட்டாம் நாள்

புனித வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பர் கேட்டார். "நீங்க எல்லாரும் ஈஸ்டருக்கு சர்ச்சுக்குப் போவீங்களா? செத்தவர் எழுந்து வந்தார்னு நிஜமாவே நம்பித்தான் போறீங்களா?" மரியாதையாகத்தான் கேட்டார். "ஆமா, போவோம்" என்று முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மற்ற வருடமாக இருந்தால் இரண்டாவது பாதிக்கும் சட்டென்று பதில் வந்திருக்கும். இந்த வருடம் ஜனவரியில் அப்பா இறந்துபோனார்.

எங்கள் வீடு மந்தைவெளியில். சாந்தோம் பேராலயம் நடந்து போகிற தூரம். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் கூட்டம் கலைந்து, மாட வீதிப் பந்தல்களைப் பிரித்து சில நாள் ஆனதும் எங்களுக்குப் பெரிய வெள்ளி வந்துவிடும். எல்லா வருடமும் இல்லை, பெரும்பாலான வருடங்களில். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால்தான் 2024-ல் மார்ச் 31-லும் 2025-ல் ஏப்ரல் 20-லும் வந்தது. அப்பா காலண்டரில் பங்குனி பௌர்ணமியைப் பார்த்துவிட்டு, ஈஸ்டர் தேதியை விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

பெரிய வெள்ளிக்குப் போனபோது வழக்கமான நெரிசல். சிலுவை முத்தி செய்ய வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பொட்டு வைத்த பெண்கள், பிள்ளையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், ஞாயிறு பூசைக்கு நான் பார்த்தே இராத முகங்கள். என் கண்ணுக்கு எப்போதுமே உயிர்ப்பு ஞாயிறைவிடப் பெரிய வெள்ளிக் கூட்டம்தான் பெரிதாகத் தெரியும். சிலுவையில் தொங்குகிறவரின் வலி யாருக்கும் விளங்கும், அதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை. கல்லறை காலியாக இருந்தது என்பதை நம்புவதுதான் கஷ்டம். ஆனால் அது இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டார்.

சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டரை எதிர்நோக்கி விழித்திருக்கும் இரவு வழிபாட்டுக்கு, அம்மா, நான், அக்கா மகன் மூன்று பேரும் கிளம்பினோம். அவன் இஞ்சினியரிங் மூன்றாம் வருடம். கோயிலுக்கு வருவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது, பாட்டிக்காக வந்தான். வாசலில் புது மெழுகுவர்த்தி கொடுத்தபோது அம்மா வாங்கவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். போன வருடத் திருவிழிப்பில் அப்பா பிடித்திருந்த மெழுகுவர்த்தி, பாதி எரிந்தது. அப்பா எப்போதும் மெழுகு கையில் சொட்டாமல் இருக்க மாட்டித் தரும் காகிதக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு வெறும் கையால்தான் பிடிப்பார், சூட்டில் மெழுகு இளகி அவருடைய பெருவிரல் பதிந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு நிமிடம் அதை வாங்கி அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலுக்கு அது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

விளக்கையெல்லாம் அணைத்தார்கள். வெளியே புது நெருப்பை மந்திரித்து, பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தியில் சிலுவை வரைந்து, முதலும் முடிவுமான அகரமும் னகரமும் கிறிஸ்துவே என்று சொல்லி, அந்த வருடத்தின் நான்கு எண்களையும் குறித்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து ஏற்றினார்கள். அந்த ஒரு திரி மட்டும் இருட்டுக்குள் வந்தது. மூன்று இடத்தில் நின்று "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று குருவானவர் பாட, ஒருவரிடமிருந்து ஒருவராக நெருப்பு பின்வரிசை வரை வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற சின்னப் பெண் திரும்பி, தன் திரி அணைந்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அம்மாவிடம் நீட்டினாள். அப்பாவின் மெழுகுவர்த்தி உடனே பற்றவில்லை. திரி கருகி மெழுகுக்குள் புதைந்திருந்தது. அந்தப் பெண் பொறுமையாக மூன்றாவது முறையும் நீட்டினாள், அப்புறம்தான் பிடித்தது.

வாசகங்கள் நீளம்தான். உலகம் படைக்கப்பட்டது, ஆபிரகாம் மகனைப் பலிகொடுக்கப் போனது, செங்கடல் பிளந்தது. கால் வலித்தது, கடல் காற்றே இல்லை, முதுகில் சட்டை ஒட்டியது. பிறகு "உன்னதங்களிலே" பாட்டுக்கு எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து, வியாழக்கிழமை இரவிலிருந்து சத்தமே போடாத மணிகள் ஒன்றாக அடித்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கும் நேரம். மறுபடி திரியை ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றோம். குருவானவர் கேட்கக் கேட்க மொத்தக் கோயிலும் "நம்புகிறேன்" என்றது. தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா? நம்புகிறேன். மகனை நம்புகிறீர்களா? நம்புகிறேன். மூன்றாவது கேள்வியில் தூய ஆவி, திருச்சபை, பாவ மன்னிப்பு என்று போய் உடலின் உயிர்ப்பு என்ற இடம் வந்தது. ஜனவரியில் அந்த உடம்பைக் குளிப்பாட்டியவன் நான். விறைத்துப்போன அந்தக் கைகளை இழுத்து ஜெபமாலையைச் சுற்றியவன் நான். எனக்கு வாய் வரவில்லை. அம்மா என் பக்கத்தில் எல்லோரையும்விட ஒரு நொடி பிந்தி, தெளிவாகச் சொன்னார்.

திரும்பி நடந்து வரும்போது மணி இரண்டு இருக்கும். அம்மா முன்னால் எதிர் வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே போனார்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த 'நம்புகிறேன்' நான் சொல்லல."

"பக்கத்துலதான நின்னேன்."

"பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க. சும்மா உதட்ட அசைக்க மனசு வரல."

"கடைசிக் கேள்விக்கு நானும் சொல்லலடா" என்றேன். அவன் நின்று என்னைப் பார்த்தான். அதற்கு மேல் ரெண்டு பேரும் பேசவில்லை.

விடிந்ததும் குயிபிள் தீவுக் கல்லறைக்குப் போனோம். எதிர் வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை. ராத்திரி எங்களோடு வந்தவர் தூங்காமல் அதிகாலை ஆராதனைக்கும் போய்விட்டு நேராக அங்கே வந்தார். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று அவர் சொல்ல, அம்மா அவர்கள் வழக்கப்படியே "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றார். அப்பாவின் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை, மண் மேடுதான். மெழுகுவர்த்தி காற்றுக்கு நிற்கவில்லை, அதைச் சாய்த்து மண்ணில் ஊன்றினோம்.

அடுத்த ஞாயிறு நானாகவே மறுபடி சாந்தோம் போனேன். அன்றைக்கு எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் தோமாவைப் பற்றிய நற்செய்திதான் வாசிப்பார்கள். முதல் ஈஸ்டர் மாலையில் மற்ற சீடர்கள் ஆண்டவரைப் பார்த்தபோது தோமா அங்கே இல்லை. ஆணித் தழும்பில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். எத்தனையோ தடவை கேட்டதுதான், ஆனால் இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடி வந்தபோது தோமா அதே வீட்டில் அவர்களோடு இருந்தார். நம்பாதவரை அந்த எட்டு நாளும் அவர்கள் வெளியே அனுப்பவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த ஒரு வாரம் அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள், ஒரே கூரைக்குக் கீழ் தூங்கியிருப்பார்கள்.

அந்தத் தோமையார் கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்து, 72-ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது நம் ஊர் மரபு. அவரை அடக்கம் செய்த இடம் என்று சொல்லப்படும் சாந்தோமில், போர்த்துகீசியர் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் இன்றைய வெள்ளைப் பேராலயம் 1896-ல் எழுந்தது. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் பின்பக்கமாகத் தனி வழி, படியில் கீழே இறங்க வேண்டும். அங்கே புனிதர் படுத்திருக்கும் உருவம் இருக்கிறது. ஆனால் எலும்புகளில் பெரும்பகுதி இங்கே இல்லை, எதெஸ்ஸா நகரத்துக்குப் போய், 1258-லிருந்து இத்தாலியின் ஒர்த்தோனாவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இங்கே சிறு திருப்பண்டம்தான். நம்ப மாட்டேன் என்றவரின் கல்லறையும் கிட்டத்தட்டக் காலியாகத்தான் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக அப்பாவுக்காக முழுசாக ஜெபித்தேன். சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையையும் சொன்னேன், மெதுவாக. முழு நிச்சயத்தோடு சொன்னேன் என்று எழுத மாட்டேன். சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது, சொன்னேன்.

கண்ணைத் திறந்தால் கடைசி இருக்கையில் அம்மாவும் அவனும். நான் கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். அவன் முழங்கால் போடவில்லை. அம்மா ஜெபமாலையை முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அப்புறம் படியேற அவருக்குக் கை கொடுத்தான்.

பாதிப் படியில் அம்மா மூச்சு வாங்க நின்றார். "அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்குமே வாய் தொறக்கலனு எனக்குத் தெரியும்" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "பரவாயில்ல. அடுத்த வருஷமும் வாங்க."

"எந்தத் தேதி பாட்டி?"

"பங்குனி பௌர்ணமிய பாரு, அதுலருந்து எண்ணு. தாத்தா சொல்லிக் குடுக்கலையா உனக்கு?"