பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக் கூடாது; அதற்கு மேலே புலிகள் காப்பகம். பச்சரிசி, வெல்லம், வெண்கலப் பானை, எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொதி. காவலர் அதை அழுத்திப் பார்த்தார். "பட்டவராயனுக்கா?" என்று கேட்டுவிட்டு, பையை அவரே மூடிக் கொடுத்தார்.

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமையில் ஊரே வெளியூரில் இருக்கும். அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிக் குளக்கரைக்கும் தேரிக்காட்டுக்கும் வயல்நடுவுக்கும் போய்விடுவார்கள். எங்களுக்குக் காரையாறில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்தையனார். தங்கள் சாஸ்தா எதுவென்று மறந்துபோனவர்களும் இவரிடம் வரலாம் என்பது வழக்கம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆடி அமாவாசைக்கு இதைவிடப் பல மடங்கு கூடும். அப்போது காட்டுக்குள் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். எனக்குப் பங்குனியே போதும்.

தாமிரபரணியில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு ஐயனாரைக் கும்பிட்டோம். மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, தூசி மாடன் என்று அப்பா ஒவ்வொரு சன்னதியாக நின்று நகர்ந்தார். எழுபத்து நான்கு வயது. வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. கல்லை முட்டுக் கொடுத்து என் மனைவி பொங்கல் வைத்தாள். புகையில் எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. பானை பொங்கிய திசையைப் பற்றி அத்தைக்கும் அப்பாவுக்கும் வழக்கம்போல ஒரு வாக்குவாதம். இதெல்லாம் எந்த சாஸ்தா கோயிலிலும் நடப்பதுதான். பொதியை அவிழ்க்கும் இடம்தான் எங்களை இத்தனை தூரம் இழுத்து வருகிறது.

முத்துப்பட்டன் பிராமண வீட்டுப் பிள்ளை. இந்த மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கையைக் கண்டு மனம் பறிகொடுத்தான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை அருந்ததியர். தோல் தொழில் செய்பவர். பெண் கேட்டவனிடம் குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்றார். செய்தான். மணம் முடித்த சூட்டோடு, மாடு கவர வந்தவர்களை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் இந்தக் கதை வரும்போது, வீசுகோல் நாணில் விழுகிற வேகத்தில் மணிகள் அதிரும். எங்கள் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த முத்துப்பட்டன்தான் பட்டவராயன். நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குத் தோல் செருப்பு வாங்கி வைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் காட்டைச் சுற்றி வருகிறான் என்பதும், அடுத்த முறை வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும் என்பதும் நம்பிக்கை.

எங்கள் வீட்டில் செருப்பு கொடுப்பதைத் தொடங்கியவர் தாத்தா. எதற்காக நேர்ந்தார் என்று அவர் சொன்னதில்லை. மாசி கடைசியில் ஒருவர் செருப்பைத் தைத்து எடுத்து வருவார். நடைக்கு வெளியே, தெருவிலேயே நிற்பார். செருப்பைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். ஆச்சி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் தாத்தா எடுப்பார். காசையும் தாத்தா தரையில்தான் வைப்பார். ஆனால் உத்திரத்தன்று அதே செருப்பைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து சன்னதி வரை வெறுங்காலோடு நடப்பார். ஒரு கையால்கூடப் பிடிக்க மாட்டார். கழுத்து அசையாமல் நடக்கும் அந்த நடையைப் பார்த்துத்தான் எனக்குப் பக்தி என்றால் என்னவென்று தெரிந்தது. ஒன்பது வயதில் ஆச்சியிடம் கேட்டேன்: "தலையில் வைக்கிறதைக் கையில் வாங்கினால் என்ன?" ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் தாத்தாவிடம் கேட்டுவிடாதே" என்றாள்.

நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் தாத்தா இறந்த வருஷமே அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்து, தைத்து முடிக்கும் வரை காத்திருந்து, கையில் வாங்கி வந்தார். அங்கே தண்ணீர் குடித்ததாகவும் சொன்னார். இரவு ஆச்சி சாப்பிடவில்லை. கோபமா, வேறு எதுவுமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கல்லூரியில் விடுதி அறையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது நண்பனின் சாதியைக் கேட்காமல் பெட்டியை இறக்கி வைத்த என்னை உண்டாக்கியது எந்தப் பாடமும் இல்லை, அப்பாவின் அந்தச் சைக்கிள் பயணம்தான் என்று நினைக்கிறேன். தாத்தாவின் நடையும் எனக்கு வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்க நான் தயாராக இல்லை.

இந்த முறை பொதியை என் மகள் தலையில் வைத்துக்கொண்டாள். பதினோரு வயது. இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். விழுந்துவிடுமோ என்ற பயம். சன்னதியில் குவிந்து கிடந்த செருப்புகளில் பழைய ஒன்றைக் குனிந்து பார்த்து, "குதிகால் தேய்ந்திருக்கிறது தாத்தா!" என்று அப்பாவிடம் கத்தினாள். அப்பா சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு முத்துப்பட்டன் கதையை முழுவதும் சொன்னேன். எல்லாப் பெயரையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். பிறகு, "நம் வீட்டுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்த அந்தத் தாத்தாவின் பெயர் என்ன?" என்றாள்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் அத்தையைப் பார்த்தார். "செருப்புக்காரர் என்றுதான் சொல்வோம்" என்றாள் அத்தை. முப்பது வருஷத்துக்குக் குறையாமல் எங்கள் நேர்ச்சையைத் தைத்தவர்.

"அவர் மகன் அம்பாசமுத்திரத்தில்தான் எங்கோ இருக்கிறான்" என்றார் அப்பா, சற்றுக் கழித்து. பஸ் அம்பாசமுத்திரம் வந்ததும் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.