பருத்திச் சட்டையும் வெற்றுக் குடுவையும்

தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குள் பாலியஸ்டர் உடுத்தி வரக்கூடாது. அதுவும் பிளாஸ்டிக் இழைதான். பருத்திச் சட்டை, அதன்மேல் பருத்திக் கோட்டு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் சிரிப்பார்கள். மீன் குடலில் பிளாஸ்டிக் தேடுகிறவர்களுக்குப் பாதி வேலை, தங்கள் பிளாஸ்டிக் அதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.

சாளை மீனின் குடலை எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, 40 டிகிரி சூட்டில் இரண்டு நாள் வைப்போம். சதை கரைந்துவிடும், பிளாஸ்டிக் மிஞ்சும். சூட்டைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் நைலான் என்ற பிளாஸ்டிக் கெடும். வலையெல்லாம் நைலானாக இருக்கிற ஊரில் அதை விட்டுவிட்டு எதை எண்ணுவது? பிறகு வடிகட்டி நுண்ணோக்கியில் வைத்தால், தெரிவது பெரும்பாலும் இழைகள்தான். நீல இழையைப் பார்த்ததும் வலைநூல் என்று எழுதக் கை பரபரக்கும். இழை எந்தப் பொருளால் ஆனது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்தால் சில சமயம் அது சாயம் போட்ட வெறும் பருத்தி.

மீன் போடாத குடுவை ஒன்றையும் அதே கரைசலோடு பக்கத்தில் வைப்போம். காற்றில் வந்த இழைகள் அதிலும் கிடக்கும். அதைக் கழித்த பிறகுதான் மீனின் கணக்கு. ‘ஒரு மீனில் இத்தனை துகள்’ என்று செய்தி வந்தால், அந்த ஆய்வில் வெற்றுக் குடுவை வைத்தார்களா என்றுதான் முதலில் தேடுவேன். வைக்காத ஆய்வை நம்புவதில்லை.

இதைச் சொன்னால், "அப்போ பயப்பட ஒண்ணுமில்லையா சார்?" என்கிறார்கள். இருக்கிறது. 2015இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கோப்பிபாட் என்ற மிதவை உயிரிகள் இருந்த நீரில் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கின் நுண்மணிகளைக் கலந்தார்கள். அந்த உயிரிகள் குறைவாக இரை எடுத்தன, முட்டைகள் சிறுத்தன, பொரிப்பதும் குறைந்தது. கொடுத்த அளவு கடலில் சாதாரணமாக இருப்பதைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சாளைக்குஞ்சு தின்று வளர்வது இந்த உயிரிகளைத்தான். கரை ஒதுங்கிய ஆமையைப் படம் எடுக்க ஆள் உண்டு. சிறுத்த முட்டைக்கு அப்படி யாரும் வருவதில்லை.

உறவினர்கள் கேட்பதோ ஒன்றே ஒன்று: மீன் சாப்பிடலாமா? நான் சாப்பிடுகிறேன். பெரிய மீனின் குடலை எப்படியும் கழித்துவிடுகிறோம். மட்டியும் நெத்திலிக் கருவாடும்தான் குடலோடு வயிற்றுக்குள் போகிறவை. எங்கள் வீட்டில் நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளித்தான் குழம்பில் போடுவார்கள். அது அம்மா காலத்துப் பழக்கம். என் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.