பொன்னேரி தூரம்

நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய கியூரியாசிட்டி என்ற ரோவர் வண்டியைப் பற்றி எழுத உட்காருகிற பலரும் அது செவ்வாயில் இறங்கிய அந்த ஏழு நிமிடத்தையே எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். என்னிடமும் எல்லாரும் கேட்பது, இங்கிருந்துதான் மலேசியாவுக்குப் போவார்கள், நீ எப்படி அங்கிருந்து சென்னை ராயபுரத்துக்கு வந்தாய் என்பதைத்தான். வந்து இறங்கிய கதையில் ஒன்றுமே இல்லை. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், 2012 தொடக்கத்தில் கல்யாணம், வீட்டுக்காரருக்கு இங்கே வேலை, வந்துவிட்டேன். சொல்வதற்கு இருப்பதெல்லாம் அப்புறம் நடந்தது. அதில் ஒரு பகுதி செவ்வாயில் நடந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு கல்மண்டபம் பக்கம். மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் காலையில் தண்ணீர் லாரி வரும் முன்பே தெருவில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து காபி போடுவார். என்னை யாரும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்காரர் வேலைக்குப் போனபிறகு மாமாவும் நானும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேச எதுவுமே இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம், அந்த மின்விசிறியும் அந்த வருடம் தினம் இரண்டு மணிநேரம் நின்றுவிடும். வெளிநாட்டவர் பதிவுக்காக நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்குப் போய்வருவதுதான் எனக்கு இருந்த ஒரே வெளிவேலை. ராத்திரி பத்து மணிக்கு எல்லா வேலையும் முடித்துவிட்டு அம்மா அங்கிருந்து போன் போடுவார், இங்கே ஏழரைதான் ஆகியிருக்கும், நான் அப்போதுதான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

2012 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. நம் நேரப்படி காலை 11 மணி 2 நிமிடத்துக்கு ரோவர் தரையிறங்கிய தகவல் வரவேண்டும். கரண்ட் இல்லை. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது, இணைய டாங்கிள் வேறு நேரம் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தது. எப்படி இறங்கப்போகிறது என்று காட்டும் அனிமேஷன் படம் முன்பே கணினியில் இருந்ததால் அதை ஓடவிட்டேன். பாராசூட், அப்புறம் ராக்கெட் பொருத்திய ஒரு மேடை, தரைக்கு இருபது மீட்டர் உயரத்தில் அந்த மேடை ரோவரைக் கயிற்றில் கட்டிக் கீழே விடுகிறது. மாமா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா இது, கிரேனா?"

ஸ்கை கிரேன் என்றுதான் அதற்குப் பெயர் என்றேன். அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கயிறு எத்தனை? மூன்று, நைலான், ஏழரை மீட்டர் நீளம். இறக்குகிற வேகம்? நொடிக்கு முக்கால் மீட்டர். லோடு? 899 கிலோ. "ஒரு டன்னு கூட இல்லியா" என்று உதட்டைப் பிதுக்கினார். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு, பூமிக் கணக்கில் 340 கிலோவைத் தூக்குவதுபோலத்தான் இருக்கும் என்றதும் இன்னும் ஏமாற்றம். "எடை இன்னாம்மா எடை. லோடு ஆடக்கூடாது, அதான் மேட்டரு. காத்துல ஒரு ஆட்டம் ஆடுச்சுனா கிரேனையே சேத்து இழுக்கும். சரி, சிக்னல்மேன் யாரு?"

சிக்னல்மேன் யாரும் இல்லை என்று சொன்னதைத்தான் அவரால் கடைசிவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வரவே ஏறக்குறைய 14 நிமிடம். காற்றுமண்டலத்தைத் தொட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை 7 நிமிடம். அதாவது "ஆரம்பித்துவிட்டது" என்ற செய்தி நமக்குக் கிடைக்கும்போது அங்கே எல்லாம் முடிந்து போயிருக்கும், பிழைத்திருக்கும் அல்லது நொறுங்கியிருக்கும். கை காட்ட ஆளில்லாமல் ஒரு லோடை இறக்குவதா என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திணறித் திணறி வந்த நேரலையில் நாசா கட்டுப்பாட்டு அறையின் நீலச் சட்டைக்காரர்கள் எழுந்து குதித்தார்கள். ரோவரை இறக்கிக் கயிற்றை அறுத்துவிட்டதும் மேடை என்ன ஆயிற்று என்று கேட்டார். தள்ளிப் பறந்து 650 மீட்டர் தூரத்தில் விழுந்து உடைந்தது. புது கிரேனை ஒரே லோடோடு உடைத்துப் போட்டார்கள் என்பதை அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு "இன்னிக்கு எவ்ளோ போச்சு?" என்பது வழக்கமானது. ரோவர் அனுப்புகிற படங்களை நாசா யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டுவிடும், அதில் அழகுபடுத்தாத கறுப்பு வெள்ளைப் படங்களும் இருக்கும், எனக்கு அவைதான் பிடிக்கும். எவ்வளவு போச்சு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மானத்தை வாங்குகிற பதில்தான். முழு வேகத்தில் போனாலே நொடிக்கு நான்கு சென்டிமீட்டர். பல நாள் ஓட்டமே இருக்காது, நின்ற இடத்தில் ஒரு கல்லை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். செவ்வாயின் ஒரு நாள் நம்முடையதைவிட ஏறக்குறைய 40 நிமிடம் நீளம் என்பதால், முதல் மூன்று மாதம் பொறியாளர்களும் செவ்வாய் நேரத்துக்கே வாழ்ந்தார்கள். இன்று காலை எட்டுக்கு வேலை என்றால் நாளை எட்டு நாற்பதுக்கு, இரண்டு வாரத்தில் சாயங்காலத்துக்கு வந்துவிடும், பகலில் ஜன்னலை இருட்டாக்கிக்கொண்டு தூங்குவார்கள். இரண்டரை மணிநேர வித்தியாசத்துக்கே தினமும் நாலு மணிக்கு விழித்துக்கொண்டிருந்த எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

மாமியாருக்கு இதில் எந்த ஆர்வமும் இல்லை. ஒருநாள் கலர் படம் ஒன்றைக் காட்டியபோது மட்டும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தத் தூசியா? இத நான் பதினைஞ்சு வருஷம் பெருக்கியிருக்கேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னதில்லை அது. செவ்வாய் சிவப்பாக இருப்பது மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடால். சென்னைத் துறைமுகத்தில் இரும்புத் தாதுவும் நிலக்கரியும் கையாண்ட காலத்தில் ராயபுரத்து மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணியில் ஒருநாள் கறுப்பும் ஒருநாள் செம்பழுப்புமாகப் படியுமாம். நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபரோடு அது நின்றது, நான் வந்தது அதற்கு அடுத்த வருடம். பழைய ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். இருந்தது.

2013 ஏப்ரலில் செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போனதால் சில வாரங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கும் கிள்ளான் ஞாபகம் பொறுக்க முடியாமல் இருந்த மாதம் அதுதான். வீட்டுக்காரர் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் பக்கம் கூட்டிப்போய் அத்தோ வாங்கிக் கொடுத்தார், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், மேலே வெங்காயமும் எலுமிச்சைச் சாறும். இந்த ஊருக்குக் கடல் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு அங்கே போய்விட்டது. அந்த ஆகஸ்டில், இறங்கி ஒரு வருடம் ஆனதற்கு, ரோவர் தனக்குத்தானே பிறந்தநாள் பாட்டு பாடியது. மண்தூளை அசைக்க வைத்திருக்கும் கருவியை வெவ்வேறு அதிர்வெண்ணில் அதிரவைத்து உண்டாக்கிய ராகம். அந்தக் கருவியின் மின்பொறியாளர்களில் முக்கியமானவர் ஃபுளோரன்ஸ் டான், மலேசியாவில் பிறந்தவர். எங்கள் ஊர்க்காரம்மா என்று நான் வீடு முழுக்கச் சொன்னேன், மாமா அதைத் தெரு முழுக்கச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் சக்கரங்களில் ஓட்டை விழத் தொடங்கியது. முக்கால் மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, தரையில் புதைந்து நிற்கும் கூர்மையான கற்கள். மாற்ற ஆளில்லை. ஆகவே பாதையை மாற்றினார்கள், 2014 பிப்ரவரியில் டிங்கோ கேப் என்ற இடத்தில் ஒரு மீட்டர் உயர மணல்மேட்டின் மேல் ஏறிக் கல் குறைந்த பள்ளத்தாக்கு வழியாகப் போனார்கள். எங்கள் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிய வருடங்களில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு எந்தச் சந்தில் நுழைந்தால் ஆட்டோ தப்பிக்கும் என்பது எனக்கு அத்துப்படியானது, இப்போது ஆட்டோக்காரருக்கே நான்தான் வழி சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ திறந்தது 2021 பிப்ரவரி 14. அதே வாரம் நாசாவின் அடுத்த ரோவர் பெர்சிவரன்ஸ் செவ்வாயில் இறங்கியது, அதே ஸ்கை கிரேன் முறை. இந்த முறை பொம்மைப்படம் இல்லை, மேடையிலேயே கேமரா வைத்து நிஜமாகவே படம் பிடித்திருந்தார்கள். மாமா அதை ஐபேடில் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கயிறு நேராக இறங்குகிறது, புழுதி கிளம்புகிறது, சக்கரம் தொடுகிறது. "ஆடல" என்றார். ஒன்பது வருடம் கழித்து வந்த சான்றிதழ்.

கியூரியாசிட்டி 35 கிலோமீட்டரைத் தாண்டியபோது அவரிடம் சொன்னேன். "பதிமூணு வருஷத்துல பொன்னேரிக்குப் போயிருக்கு" என்றார்.

அதற்கு முந்தைய வருடம், 2024 மே மாதம், ரோவர் ஏறி இறங்கியதில் ஒரு கல் உடைந்து உள்ளே மஞ்சள் படிகங்கள் தெரிந்தன. சுத்தமான கந்தகம், செவ்வாயில் இப்படிக் கிடைத்தது முதல் தடவை. அங்கேயும் மணலி எண்ணெய் ஆலைப் பக்கம் மாதிரி நாறுமா என்று மாமியார் கேட்டார். மாமா விடவில்லை. "சுத்தக் கந்தகத்துல நாத்தம் வராது, கண்ணுதான் எரியும். ஹார்பர்ல தண்ணி தெளிச்சிகினே இறக்குவோம், தூசியில தீப்பிடிக்கும்ல. கையில அமுக்குனாலே உடையும், அதுல எங்க போய்த் துளை போடுறது?" பாறைகள் துளையிட முடியாத அளவுக்குச் சிறியவை, எளிதில் நொறுங்குபவை, அதனால் பக்கத்தில் இருந்த பெரிய பாறையில்தான் துளை போட்டோம் என்று பிற்பாடு நாசாவும் சொன்னது. அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லி இன்னும் வருகிறவர்கள் முன்னால் என்னைக் கூப்பிடுகிறார்.